ஆவி இறங்கியதா, சர்க்கரை ஏறியதா?

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே! வாரந்தவறாமல் பிரசங்கித்து, வாரந்தவறாமல் எங்களில் பாதிப்பேரை உறங்கவைத்து, அதற்காக ஒருநாளும் எங்களைக் கடிந்துகொள்ளாத எங்கள் போதகர் சௌந்தரராஜன் ஐயா அவர்களே! சாந்த்ராகாச்சியிலிருந்து பேருந்து மாறி, நெரிசலில் நசுங்கி, முகம் வாடாமல் வந்திருக்கும் பெரியோர்களே! பிரியாணி அண்டாவை யார் கிளறுகிறார்களோ என்ற கவலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சால்ட் லேக்கில் மடிக்கணினியை மூடிவிட்டு வந்து, இங்கே கைப்பேசியைத் திறந்து வைத்திருக்கும் இளைஞர் பெருமக்களே! கொல்கத்தா பெஹாலா தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் கல்பனாவாகிய நான், உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

கள்ளப் போதகர்களைக் குறித்து எச்சரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மெத்த மகிழ்ச்சி. போன ஆண்டே சொல்லியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்தக் கதை சிரிப்பாகத்தான் தொடங்கியது.

போன ஆண்டு நமக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நம் போதகர் எதையும் வாக்களிக்கமாட்டார். "உனக்கு ஆன்சைட் கிடைக்கும்" என்று ஒருமுறையாவது சொன்னாரா? "நியூ டவுனில் பிளாட் வாங்குவாய்" என்று தீர்க்கதரிசனம் உரைத்தாரா? பொறுத்துக்கொள் என்பார், மன்னித்துவிடு என்பார், பேசாமலிருக்கும் தம்பியோடு பேசு என்பார். இதைக் கேட்கவா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறோம்?

ஆகவே, ஓர் அப்போஸ்தலரை அழைத்தோம். கவனியுங்கள், அவராக வரவில்லை. அழைத்தோம்! அங்கே ஓர் அண்ணன் பெயரைக் கேட்கிறார். வேண்டாம் அண்ணா. பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

விமானத்தில் வந்தார், விசேஷக் கூட்டத்துக்கு. மேடையில் புகை எழுந்தது. மேகஸ்தம்பம் என்று நினைத்தோம், இயந்திரம். ஒளி எழுந்தது. மகிமை என்று நினைத்தோம், வாடகை விளக்கு. எங்கள் கண்ணில் நீர் எழுந்தது. மனந்திரும்புதல் என்று நினைத்தோம். புகை கண்ணில் பட்டிருந்தது!

முதல்நாள் மாலை. ராஜம் அக்கா மேடையேறினார். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ராஜம் அக்கா நம் பாடகர் குழுவில் மூத்தவர். சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் வசிப்பவர். சர்க்கரை நோய்க்காகப் பல வருடங்களாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். குத்திக் குத்தி வயிறெல்லாம் தழும்பு. இந்த வேதனை தீராதா என்று ஜெபிக்கச் சொல்லி வந்து நின்றார்.

அப்போஸ்தலர் ஒலிவாங்கியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஊசியை நம்புறியா, உன்னதரை நம்புறியா?"

எப்பேர்ப்பட்ட மோனை! எப்பேர்ப்பட்ட கேள்வி! அத்தனை பேருக்கு முன்னால் ஒரு தாய் வேறென்ன பதில் சொல்வாள்? அக்கா கைப்பையைத் திறந்தார். இன்சுலினை எடுத்தார். மேடையோரக் குப்பைக்கூடையில் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. கைதட்டியவர்கள் வேற்றுக்கிரகத்துக்காரர்களா? நாம்தான்!

மறுநாள் மதியம் அப்போஸ்தலருக்கு அக்கா வீட்டில் விருந்து. பரிமாற நானும் போயிருந்தேன். அவர் சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு சின்னப் பையோடு உள்ளறைக்குப் போனார். கைதுடைக்கத் துண்டு கொண்டுபோன அக்காவின் மகள் கவிதா, வாசலிலேயே நின்றுவிட்டாள். ஐயா சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அதே இன்சுலின்!

"ஐயா, நீங்க ஊசி போடுறீங்களா?"

கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். "ஊழியக்காரன் சரீரம் ஆண்டவருடைய ஆலயம், மகளே. அதைப் பராமரிக்கணும்ல?"

"அப்ப எங்க அம்மா சரீரம் என்ன, ஆண்டவருடைய குடோனா?"

கைதட்டுங்கள், இதற்குத் தட்டலாம். ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் தட்டவில்லை. அக்கா மகளைத்தான் அதட்டினார். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவே? அவர் ஊர் ஊரா அலையிறவர்டீ. அவருக்குத் தேவைப்படும். எனக்கென்ன, வீட்ல இருக்கிறவதானே."

பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, ஆசையாய் ரசகுல்லா கொடுத்தனுப்பியிருந்தார். "ஸ்வீட் மட்டும் வேண்டாம் சிஸ்டர், சுகர் இருக்கு" என்றார் அப்போஸ்தலர். ராஜம் அக்காவுக்கோ சுகர் இல்லை என்று அவரே மேடையில் அறிவித்தாயிற்றே! அக்கா விசுவாசத்தோடு இரண்டு சாப்பிட்டார். கவிதா புது இன்சுலின் வாங்கி வந்து கெஞ்சினாள், அக்கா தொடவில்லை.

நிறைவு நாள். காலையிலிருந்தே அக்காவுக்கு வாந்தி. உபவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார். தீராத தாகம். ஆத்தும தாகம் என்றார். மாலையில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். பாட்டு உச்சத்தில் இருந்தபோது சரிந்து விழுந்தார்.

கவிதா அலறினாள். அப்போஸ்தலரோ அவளைவிட உரக்க அலறினார். "தொடாதீங்க! ஆவியானவர் கிரியை செய்றார்! பாடுங்க!"

முரசு முழங்கியது, புகை பொங்கியது, கேமரா நெருங்கியது. ஒரு பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், சபை அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தது!

அப்போதுதான் நம் போதகர் மேடையேறினார். தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேசியறியாத மனிதர், ஒலிவாங்கியைப் பிடுங்கிக் கத்தினார்.

"பாட்டை நிறுத்துங்க! அந்தம்மாவைத் தூக்குங்க!"

ஐயா, உங்கள் பிரசங்கத்தில் ஒருவர்கூடத் தூங்காத நாள் அதுதான்.

வாசலில் அப்போஸ்தலரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் கார் நின்றது. "இது ஐயாவோட வண்டி" என்று குறுக்கே வந்தார் ஓர் உதவியாளர். வங்காளி ஓட்டுநர் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "உட்டுன் திதி, தாடாதாடி!" ஏறுங்கள் அக்கா, சீக்கிரம் என்று கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நோயாளியை நோயாளியாகப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். நம் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்தவர் அல்ல!

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், இன்சுலினை நிறுத்தச் சொன்ன டாக்டர் யார் என்று. எந்தப் பட்டத்தைச் சொல்வதென்று தெரியாமல் கவிதா அழுதாள்.

அக்கா தீவிர சிகிச்சையில் கிடந்தபோது, அவர் விழுந்த காட்சி இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு, "கொல்கத்தாவில் இறங்கிய அக்கினி". கீழே வரிசையாய் ஆமென், ஆமென், ஆமென். அந்த அம்மா பிழைத்தாரா என்று கேட்டு ஒருவராவது எழுதியிருந்தாரா? இல்லை.

பிழைத்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம், மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் நன்றி. ஆனால் கண்விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? கட்டிலருகே உட்கார்ந்திருந்த போதகரிடம் கேட்டார். "நான் விசுவாசத்துல தோத்துட்டேனா ஐயா?"

உடலுக்கு வந்த ஆபத்தை மருத்துவர்கள் மாற்றினார்கள். இந்தக் கேள்வியை அந்தத் தாயின் நெஞ்சில் நட்டுவிட்டு விமானம் ஏறினானே, அவனை நான் என்னவென்று சொல்ல? என் ஏளனமெல்லாம் இங்கே வந்து நின்றுவிடுகிறது.

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரீட்சை வச்சது ஆண்டவர் இல்லம்மா. அந்த மனுஷன். அதுல தோத்தா ஒண்ணும் குறைஞ்சுபோகாது." பிறகு, "கஞ்சி குடிச்சீங்களா?" என்றார்.

அக்கா அழுதுகொண்டே குடித்தார். அன்றிலிருந்து ஊசியும் போடுகிறார், ஜெபமும் செய்கிறார். இரண்டுக்கும் சண்டை வந்ததாகத் தகவல் இல்லை.

கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதே அப்போஸ்தலரை அழைக்கவேண்டுமாம்! சபைக் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. "அவர் மேல தப்பில்ல, அக்காவுக்கு விசுவாசம் பத்தல" என்று ஒருவர் சொன்னாராம். முணுமுணுக்காதீர்கள், முகம் திருப்பாதீர்கள்! அவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும்: பதவி உயர்வோ, பையனுக்கு விசாவோ. கேட்பது ஆசீர்வாதம், தேடுவது ஆடம்பரம். அந்த ஆசை நம்மிடம் இருக்கும்வரை கள்ளப் போதகனுக்கு இந்தப் பெஹாலாவில் வேலை இருக்கும். ஒருவரைத் துரத்தினால் இன்னொருவர் வருவார், இன்னும் பெரிய புகை இயந்திரத்தோடு!

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? போதகன் உங்களுக்குச் சொல்வதைத் தன் உடம்புக்கும் தன் வீட்டுக்கும் சொல்கிறானா என்று பாருங்கள். மேடைக்குக் கீழே, விளக்கில்லாத இடத்தில், வியாதிக்காரர் பக்கத்தில் அவன் எத்தனை நேரம் உட்காருகிறான் என்று பாருங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் கிடைக்கும்வரை கூடவே நில்லுங்கள்.

என் அன்புச் சபையே! இனி இந்த மண்டபத்தில் யாராவது சரிந்து விழுந்தால், பாடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவியானவர் கிரியை செய்ய நினைத்தால், நீங்கள் கையைப் பிடித்திருப்பது அவருக்கு இடைஞ்சலாக இருக்காது!

கசப்பைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கேள்விக்குப் பயப்படாமல் இந்த மேடையைத் தந்த தலைவர் ஐயாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.