பதினாலாம் நம்பர் அறைக்காக

டீன்: ...அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல ஒரு பேனா குடு.

பூனை: பேனா இருக்கு. குடுக்கத்தான் மனசு இல்ல.

டீன்: ஏய்... நான் இப்ப டீன்டி. மாணவர் நலனுக்கு டீன். பிரார்த்தனை மண்டபத்து செக்ரட்டரி டீனுக்குப் பேனா இல்லேங்கலாமா?

பூனை: டீனுக்கு இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறது வெங்கலக் கடையாச்சே. அவளுக்கு இல்லேங்கலாம்.

டீன்: அடிப்பாவி! இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, அந்தப் பேரை இன்னும் விடலையா நீ?

பூனை: நான் வச்ச பேரா? நீ ஒரு சிரிப்பு சிரிச்சா ஹாஸ்டல் மூணு மாடிக்கும் கேக்கும். பாத்திரக் கடையைக் கவுத்துப் போட்ட மாதிரின்னு வார்டன் வச்ச பேரு.

டீன்: உனக்கும்தான் வச்சாங்க. பூனை. பின்னாடி வந்து நின்னா மூச்சு விடறதுகூடக் கேக்காது. ரெண்டையும் சேர்த்து ஒரே ரூம்ல போட்டாங்க பாரு...

பூனை: போட்டாதான் ஒண்ணு ஒண்ணை அடக்கும்னு.

டீன்: அடங்கலியே!... சரி சரி, பேச்சை மாத்தாத. மூணு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள இந்த ஃபைல் போகணும். ஒரே ஒரு விதிதான். படிக்கட்டுமா?

பூனை: நாந்தானே டைப் அடிச்சேன். மனப்பாடம். "பிரார்த்தனைப் பெட்டியில் போடும் சீட்டுகளில் மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாத சீட்டுகள் வாசிக்கப்பட மாட்டா."

டீன்: இதுல என்ன தப்பு?

பூனை: தப்புன்னு நான் சொன்னேனா?

டீன்: வாய் சொல்லல. மூஞ்சி காலையிலிருந்து சொல்லிட்டே இருக்கு. இதோ பாரு. கவுன்சிலிங் டாக்டர் கேக்கறது நியாயம்தானே? போன வருஷம் ஒரு சீட்டு வந்துச்சாமே, "என்னால இனி இங்க முடியல"ன்னு. பேர் இல்ல. அந்தம்மா ரெண்டு நாள் ஹாஸ்டல் ஹாஸ்டலா அலைஞ்சு யாருன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள, அந்தப் பொண்ணு பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயேபோயிட்டா.

பூனை: தெரியும். அந்தச் சீட்டை மைக்ல வாசிச்சதே நான்தான்.

டீன்: பேர் இருந்திருந்தா?

பூனை: பேர் கேட்டிருந்தா சீட்டே வந்திருக்காது.

டீன்: அது உன் ஊகம்.

பூனை: ஊகமாவே இருக்கட்டும். இப்பவும் ஒருத்தி போடறா. வாராவாரம், வியாழக்கிழமை. நாலே வரி.

டீன்: யாரு?

பூனை: சொல்ல மாட்டேன்.

டீன்: தெரியுமா உனக்கு?

பூனை: தெரிஞ்சாலும் தெரியாது. மண்டபத்தை நடத்தின ஐயா கிட்ட முதல் நாள் குடுத்த வாக்கு. "கையெழுத்து யாருதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் வாய்க்குத் தெரியக்கூடாது"ன்னார். உனக்கு ஞாபகம் இல்ல?

டீன்: ஐயா ஞாபகம் இல்லாமலா... காலையில ஆறரை மணிக்கு ஈரத்தலையோட ஓடி வருவோம். மணி அடிச்சு ஒரு நிமிஷம் ஆனா கதவைச் சாத்திடுவார். நான் ஜன்னல் வழியா எத்தனை நாள் குதிச்சிருக்கேன்!

பூனை: எங்க குதிச்சே? விழுந்தே. பொத்துன்னு. தியானத்துல உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் கண்ணைத் திறந்தாங்க.

டீன்: ஐயா மட்டும் திறக்கல. "வந்தாச்சா? உட்காரும்மா"ன்னார், கண்ணை மூடிக்கிட்டே... சே, என்ன நாளுடி அதெல்லாம். அந்தப் பெட்டி இன்னும் அதேதானா?

பூனை: அதே பிஸ்கட் டப்பாதான். பச்சை பெயின்ட் மட்டும் அஞ்சாறு தடவை அடிச்சாச்சு.

டீன்: முந்நூறு பேர்ல வாசிக்கறதுக்கு உன்னைப் போய்ப் பிடிச்சார் பாரு. உன் குரல் உனக்கே கேக்காது. நான் போட்டியில கப்பு வாங்கினவ. என்னை விட்டுட்டாரேன்னு ஒரு வாரம் கறுவினேன்.

பூனை: "அவளுக்கு நல்ல குரல்மா, ஆனா அவ வயித்துல ஒண்ணும் தங்காது"ன்னார்.

டீன்: அப்படியா சொன்னார்! கிழவர்... நல்லா எடைபோட்டு வச்சிருக்கார் என்னை.

பூனை: இல்ல... அந்த ஒரு விஷயத்துல தப்பாத்தான் போட்டார்.

டீன்: என்ன விஷயம்?

பூனை: ஒண்ணுமில்ல. டீ சொல்லவா?

டீன்: வேணாம். பால் சொல்லு. பாலுன்னதும் ஞாபகம் வருது, நீ அந்தக் காலத்துல ராஜகுமாரி மாதிரி இருந்தியேடி! "பதினாலாம் நம்பர் அறையில் இருப்பவளின் மனபாரம் நீங்க வேண்டும்." வெள்ளிக்கிழமை தவறாம வாசிப்பே, நம்ம ரூம் நம்பர் போட்டு வந்த சீட்டை.

பூனை: ம்.

டீன்: முதல் மாசம் யாருக்கும் உறைக்கல. அப்புறம் ஹாஸ்டலே விழுந்து விழுந்து உன்னைக் கவனிச்சுது. மெஸ்ல சமையல்காரம்மா உன் தம்ளர்ல மட்டும் பாலைத் தளும்பத் தளும்ப ஊத்துவாங்க. லைப்ரரியன் ஜன்னலோர மேஜையை உனக்குன்னு ஒதுக்கி வச்சார். கணக்கு மேடம், யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுற மேடம், உன் தலையைத் தடவிட்டுப் போவாங்க!

பூனை: எனக்கு அழுகையா வரும், அந்தம்மா தடவினா.

டீன்: நீ அழுமூஞ்சியா நின்னா அவங்க இன்னும் ரெண்டு தடவு தடவுவாங்க. சோடாபுட்டிக் கண்ணாடி, ஒல்லிக்குச்சி உடம்பு, வாயைத் திறக்காத பொண்ணு... மனபாரம்னா இவளுக்குத்தான்னு ஊரே முடிவு கட்டிடுச்சு. அதே ரூம்ல இன்னொரு கட்டில் இருக்கேன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா?

பூனை: இன்னொரு கட்டில்ல இருந்தவ பகலெல்லாம் பாத்திரக் கடையைக் கவுத்துக்கிட்டே இருந்தாளே.

டீன்: அதான்... அதான் சொல்றேன். பேர் இல்லாத சீட்டு இப்படித்தான் வீடு மாறிப் போயிடும். பேர் மட்டும் இருந்திருந்தா, போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இப்ப புரியுதா நான் ஏன் இதுல கையெழுத்துப் போடணும்ங்கறேன்னு?

பூனை: அப்ப அந்தச் சீட்டு எனக்கு இல்லேங்கறியா?

டீன்: நான்... நான் பொதுவாச் சொன்னேன்.

பூனை: பொதுவாவா?

டீன்: ஆமா. பேனாவைக் குடு. நேரமாகுது.

பூனை: அந்தச் சீட்டெல்லாம் கட்டம் போட்ட தாள்ல வரும். ஓரம் ஸ்கேல் வச்சுக் கிழிச்சிருக்கும். இடது கையால எழுதின மாதிரி எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கும். நம்ம ரூம்ல ஒரு கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு இருந்துச்சு. வாராவாரம் வியாழக்கிழமை ஒரு தாள் இளைச்சுக்கிட்டே வந்துச்சு.

டீன்: எப்போலேர்ந்து... தெரியும் உனக்கு?

பூனை: முதல் சீட்டுலேர்ந்து.

டீன்: மூணு வருஷமும்?

பூனை: மூணு வருஷமும். அதுக்கப்புறம் இந்த இருபத்தெட்டும்.

டீன்: கடவுளே... ஒரு வார்த்தை கேட்டியாடி நீ?

பூனை: கேட்டா நிறுத்திடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? அது ஒண்ணுதான் உனக்கு வடிகாலா இருந்துச்சு. ஏன்டி, எழுதறதுதான் எழுதினே, ரூம் நம்பரை எதுக்குப் போட்டே?

டீன்: சிரிக்காத... கடவுளுக்கு அட்ரஸ் வேணாமான்னு போட்டேன். பத்தொன்பது வயசு. கட்டில் நம்பரைப் போட மறந்துட்டேன்.

பூனை: உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்கலாமே.

டீன்: எப்படி எழுதுவேன்? அப்ப இருந்த விதி மறந்துபோச்சா? வீட்ல பெரிய நோய் நொடின்னா, "ஒரு வருஷம் நின்னுட்டு வாம்மா, இடம் அப்படியே இருக்கும்"னு அன்பா அனுப்பி வச்சிடுவாங்க. அப்படிப் போனவங்க யாரு திரும்பி வந்தா? ஒருத்தி வந்தாளா? அம்மாவே படுத்த படுக்கையிலேர்ந்து சொல்லி அனுப்புவாங்க, "யார்கிட்டயும் மூச்சு விடாத, படிப்பை முடி"ன்னு. அதான்... சிரிச்சுக்கிட்டே திரிஞ்சேன்.

பூனை: தெரியும்.

டீன்: என்ன தெரியும்? எல்லாம் தெரிஞ்சுமா நீ அந்தப் பாலைக் குடிச்சே? எனக்கு எரியும்டி! எழுதறது நான், தலையைத் தடவறது உனக்கு. கோபிச்சுக்கிட்டு ஒரு வாரம் உன்கூடப் பேசாமகூட இருந்தேன். ஏன்னு கேட்டியா?

பூனை: பாலை யார் குடிச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

டீன்: நீதான்... இல்ல... இரு. நீ தம்ளரோட ரூமுக்குத் தூக்கிட்டு வருவே. "எனக்கு ஆடை கட்டினா குமட்டுது, நீயே குடிச்சுத் தொலை"ம்பே.

பூனை: ஜன்னலோர மேஜை?

டீன்: "வெயில் கண்ணைக் கூசுது, இடத்தை மாத்திக்கலாம் வா"ன்னு... அடியே...

பூனை: ம்.

டீன்: எல்லாத்தையும் என்கிட்டயே தள்ளி விட்டிருக்கே... நான் ஒரு மட்டி, உனக்குத்தான் எதுவுமே பிடிக்காதாக்கும்னு நினைச்சு சிரிச்சிருக்கேன்.

பூனை: உனக்கு வந்ததை உன்கிட்டக் குடுத்தேன். அதுல என்ன இருக்கு?

டீன்: அழ வைக்காதடி. கமிட்டிக்குக் கண்ணு சிவந்து போய் நின்னா என்ன நினைப்பாங்க... இரு, போன் அடிக்குது... ஆங், சொல்லுங்க சார். வரேன் சார்... ஃபைலா? ரெடியாத்தான் இருக்கு... ரெண்டே நிமிஷம்... பத்து நிமிஷம் முன்னாடியே உட்கார்ந்துட்டாங்களாம்.

பூனை: இந்தா பேனா.

டீன்: இப்ப குடுக்கறியா?

பூனை: கையெழுத்து உன்னுது. நான் யாரு தடுக்க? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டாக்டரம்மா நல்லவங்க, பேர் இருந்தா ஓடிப் போய் நிப்பாங்க. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அன்னைக்குப் பேர் எழுதுன்னு ஒரு கட்டம் அந்தத் தாள்ல இருந்திருந்தா... நீ போட்டிருப்பியா?

டீன்: மாட்டேன். செத்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

பூனை: வியாழக்கிழமைக்காரியும் போட மாட்டா.

டீன்: அவளுக்கு நீ என்ன செய்றே? ஏதாவது செய்வியே, சும்மா இருக்க மாட்டியே நீ.

பூனை: என்ன பெரிசா... மெஸ் வரிசையில அவ பின்னாடி போய் நிப்பேன். அன்னைக்கு மழை வருமா வராதான்னு பேச்சுக் குடுப்பேன். போன வாரம் அவளா முதல் தடவை டாக்டரம்மா ரூம் எங்க இருக்குன்னு கேட்டா.

டீன்: கூட்டிட்டுப் போனியா?

பூனை: வழி காட்டினேன். அவளாப் போனா.

டீன்: சரி. இந்தா பாரு... அடிச்சுட்டேன். "இருக்க வேண்டும்"ங்கறதை அடிச்சுட்டு, "விரும்பினால் எழுதலாம்". அடுத்த வரி மொத்தமும் அவுட்டு. இதுக்குக் கீழதான் என் கையெழுத்து.

பூனை: கமிட்டியில சத்தம் போடுவாங்க.

டீன்: யாரு, என்னை விடவா? டாக்டரம்மாகிட்ட நானே பேசறேன். வியாழக்கிழமைதோறும் அவங்களும் மெஸ்ல வந்து வரிசையில நிக்கட்டும். யாருக்குன்னு சொல்ல வேணாம். சும்மா நிக்கட்டும்.

பூனை: வருவாங்க. நான் சொன்னா வருவாங்க... கிளம்பு, நேரமாச்சு.

டீன்: போறேன்... ஏய், இரு. இன்னொண்ணு.

பூனை: என்ன?

டீன்: அந்த லீவு. மாசாமாசம் வார்டன் உனக்குன்னு ஒரு சனி ஞாயிறு பாஸ் குடுத்தாங்களே. மத்தவங்க கேப்பாங்கன்னு பேர் எழுதாம, "அறை 14"னு மட்டும் போட்டு.

பூனை: ஆமா, அதுக்கென்ன?

டீன்: "எங்க வீட்ல ஓயாம சண்டை, போனாத் தலைவலிதான் மிச்சம், நீ போய்ட்டு வா"ன்னு என் கையில திணிப்பே. அந்த பாஸ்லதான்டி நான் அம்மாவைப் பார்த்தேன். கடைசி மாசம் அம்மா என் மடியிலதான் போனாங்க. அந்த பாஸ் இல்லேன்னா தந்திதான் வந்திருக்கும் எனக்கு.

பூனை: சரி விடு. அதான் பார்த்தாச்சே.

டீன்: விட மாட்டேன். பால் பொய், வெயில் பொய். அந்தச் சண்டையாவது நிஜமா? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.

பூனை: எங்க வீட்ல சண்டையே கிடையாதுடி... உனக்கு மட்டும் சொல்றேன். வார்டன் எங்க வீட்டுக்கும் ஒரு லெட்டர் போட்டிருக்காங்க, மாசம் ஒரு தடவை பொண்ணை அனுப்பி வைக்கறோம்னு. அது எனக்கே தெரியாது. எங்கம்மா போனதுக்கப்புறம் அப்பா சொன்னார். அந்த மூணு வருஷமும், மாசாமாசம் அந்தச் சனிக்கிழமை அம்மா பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு, கடைசி பஸ் வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பிப் போவாங்களாம். ஏன் வரலைன்னு என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல.