துரை சாப்பிடவில்லை

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மூத்தவரிடம் இளையவர் கேட்டார்: “என்னக்கா, ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்னுதானே போனீங்க?”

“தொரை சாப்பிட மாட்டேங்கானாம். வீட்டுல இருந்து அவிய போன் மேல போன் போடுதாவ.”

“ஆட்டுக்குக் காவலுக்குன்னு கொண்டாந்த நாய்தானே?”

“காவலா? ஆடு கத்துனா அவன் வீட்டுக்குள்ள ஓடி வந்துருவான். மழை பெஞ்சா கரிசல் காலுல ஒட்டும்னு அவிய அவனைத் தூக்கிட்டு வருதாவ. கட்டில்ல அவன் படுத்துட்டா அவிய தரையில படுத்துக்கிடுவாவ.”

“அண்ணாச்சிதானே நாயே வேண்டாம்னு சொன்னாவ?”

“இப்ப அதைச் சொல்லிப் பாரு.”

“மக ஒண்ணும் சொல்லலையா?”

“‘நானா, நாயா’ன்னு கேட்டா. நான் பையை எடுத்துட்டேன்.”

அப்போது அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் கணவரின் குரல் கேட்டது.

“எங்கன வாரே? முட்டை அவிச்சு வச்சேன், மோந்துகூடப் பாக்கலை.”

“போனை அவன் காதுகிட்ட வைங்க. ஏலே தொரை, சாப்பிடுலே. அம்மா வந்துக்கிட்டு இருக்கேன்.”

சற்று நேரம் தட்டு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணவர், “திங்கான்” என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

இளையவர் சிரித்தார். “அப்ப அடுத்த ஸ்டாப்புல இறங்கி மக வீட்டுக்கே போயிரலாம்லாக்கா. போன்லயே சோறு ஊட்டிக்கிடலாம்.”

மூத்தவர் சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தார்.

“போகலாம்தான். ஆனா அங்கன எனக்கும் ரெண்டு நாளாச் சோறு இறங்கலை.”