நனைந்தால் வழுக்கும்

எல்கடுவையில் மத்தியானத்துக்குப் பிறகு துணி காயப்போடுவதில் பிரயோசனமில்லை. பனிமூட்டம் இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிடும். விசாரணையில் நீங்கள் கம்பிவண்டியின் பிரேக்கைப் பற்றிக் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

மண் சரிந்து தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் பாதை அடைபட்ட பிறகுதான் அரசாங்கம் இந்தக் கம்பிவண்டி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. பள்ளத்தின் குறுக்கே கம்பியில் ஓடும் பெட்டி. முதலில் கொழுந்து மூட்டை, பிறகு ஆட்கள். பொறுப்பு, பொறியியலாளர் ஜெயக்காந்தன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பேராதனையில் படித்த நான் அவருடைய உதவியாளன்.

என் மனைவி விதுஷா மேல் டிவிசன் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். குளவிக்கூடு கலைந்த அன்று குழந்தைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவள் வெளியே நின்றாள். குளவிகள் கொட்டி முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. பெட்டியில் ஏற்றினால் ஐந்து நிமிஷத்தில் அக்கரை, அங்கே வேன் வரும் ரோடு. ஜெயக்காந்தன் சாவியைத் தரவில்லை.

"அவசரம்னு எனக்கும் தெரியுது சசி. ஆனா ஆள் ஏத்த முடியாது. ஏதும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கம்பளியில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி இறங்கினோம். ஒரு முனையைப் பிடித்தவர் தோட்டத்து மருந்தகத் தாதி கிருஷாந்தினி மிஸி. ஆஸ்பத்திரிக்குப் போன வேன் உக்குவளையைத் தாண்டும் முன்னே விதுஷாவின் கை என் கையில் தளர்ந்தது. ஆள் ஏத்த முடியாது என்று சொன்ன அந்த வாய் அன்று மாலையும் தேநீர் குடித்தது.

பிறகு கொழும்பிலிருந்து திறப்பு விழாவுக்குத் தேதி வந்தது. மாதக்கணக்கில் நகராத வேலை நாய் துரத்தியதைப் போல ஓடியது. பெயின்ட் அடித்தார்கள், வாழைமரம் கட்டினார்கள். என் மனைவிக்கு இல்லாத அவசரம், மாலை போட வருகிறவர்களுக்கு இருந்தது.

பிரேக்குக்குப் புதுக் கட்டை பூட்டியிருந்தோம். மணல் மூட்டை ஏற்றி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வழுக்கியது.

"இப்ப நனைஞ்சாலும் புடிக்குதா?" என்று ஜெயக்காந்தன் கேட்டார்.

"நல்லா புடிக்குது சேர்."

"ஒன்ன நம்பித்தான் நானே மொதல்ல ஏறுறேன்" என்று தோளைத் தட்டினார்.

விழா அன்று மத்தியானம் மூட்டம் இறங்கியது. அவர் ஏறினார். பின்னாலேயே மருந்துப் பையோடு கிருஷாந்தினி மிஸி வந்தார்.

"தள்ளி நில்லுங்க சேர், நானும் வாறேன். இந்த மலையில நடந்தே முழங்கால் போச்சு."

அடுத்த தடவை போங்க மிஸி என்று சொல்ல எனக்கு நேரமிருந்தது. சொன்னால் அவர் காரணம் கேட்டிருப்பார். கதவைச் சாத்தி, கொளுக்கியை இழுத்துப் பார்த்தேன். ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

ஜெயக்காந்தனைக் கொன்றது நான். மிஸி செத்தது விபத்து. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நனைந்தால் பிரேக் வழுக்கும் என்று அவருக்கு முதலில் சொன்னது யார் என்றும் கேட்டீர்கள். நான்தான். விதுஷாவைக் குளவி கொட்டிய அன்று காலையில். ஆள் ஏத்தாதீங்க சேர் என்றேன்.

அவர் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.