தடுப்புக்கு இந்தப் பக்கம்

அங்க இல்லம்மா, இப்படி சுவரோரமா வந்து உட்காரு. அங்க சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். செருப்பைக் கழட்டி மடியோட வச்சுக்கோ, பசங்க வந்து நெருக்கித் தள்ளினா அப்புறம் தேடி மாளாது. கூச்சமா இருக்கா? முதல் நாள் அப்படித்தான் இருக்கும். போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக்கிட்டு தெருவுல உட்கார்றதுன்னா சும்மாவா? நான் துணிக்கடையில வேலை பார்க்கிறவ. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும், உட்கார்ந்தா முதலாளிக்குப் பொறுக்காது. லீவு போட்டுட்டு இங்க வந்துதான் நல்லா உட்கார்றேன்னு வச்சுக்கோயேன்.

போயிடறேன்னு சொல்லாத. இத்தனை மாசம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தது போதாதா? உன் பையன் இந்த லாக்கப்புல செத்த பிறகுதான் காலேஜ் பசங்க திரண்டு வந்தாங்க. இப்பவும் அவன் படத்தைத்தான் முன்னால தூக்கிட்டு வரப்போறாங்க. நீ பார்க்க வேணாமா?

இங்க உட்கார்ந்திருக்கிற இந்தப் பொம்பளைங்களைப் பார்த்தா உனக்குப் பயம் போயிடும். அந்தக் கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரே மக. ஊர்வலத்துல போனவளை மண்டையில அடிச்சுட்டாங்க, பொழைக்கல. பச்சைச் சேலைக்காரி பையனை விசாரணைன்னு கூட்டிட்டுப் போனதுதான். அவ யார்கிட்டயும் பேச மாட்டா, நீயும் கேட்காத.

பசங்க நல்ல பசங்கதான். முதல்ல எங்க எல்லாரையும் அம்மான்னு கூப்பிட்டாங்க. அம்மா தண்ணி குடிங்க, அம்மா தள்ளி உட்காருங்கன்னு. அதுலதான் வம்பு வந்துச்சு. ஒருத்தன் அம்மான்னு சொன்னா எல்லாரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்போம். அப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க முடியாது. ஒரு பொண்ணு அதைக் கவனிச்சுட்டு, இனிமே யாரும் அந்த வார்த்தை சொல்லக்கூடாதுன்னு மத்ததுங்ககிட்ட சொல்லிடுச்சு. இப்ப எல்லாம் ஆன்ட்டிதான். எனக்கு ஆன்ட்டின்னு கேட்டாலே பத்திக்கிட்டு வரும். என்ன பண்றது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் நடந்ததைக் கேளு. கோஷம் போட்டுக்கிட்டு பசங்க போலீஸ் வச்ச தடுப்பைப் பிடிச்சுத் தள்றாங்க. நடுவுல அம்மான்னு ஒரு குரல். சத்தமாக்கூட இல்ல. நாங்க அத்தனை பேரும் எழுந்துட்டோம். எழுந்துக்கவே கை கொடுக்க ஆள் தேடுற அந்தக் கண்ணாடிக்காரங்ககூட எழுந்துட்டாங்க. அது ஆம்பளைக் குரல், அவங்களுக்கோ பொண்ணு. பெத்த வயிறு அதெல்லாம் யோசிக்குதா?

அது பசங்க குரல் இல்ல. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரன் ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். வீட்டுக்குப் போம்மா, மானம் போகுதுங்கிறான்.

யாரையா? என்னைத்தான்.

ஆமா, என் பையன்தான். அதுவரைக்கும் யாரைப் பறிகொடுத்தேன்னு என்னை யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. இவங்க என்னை வஞ்சிருந்தாக்கூடத் தேவலை. பச்சைச் சேலைக்காரி மட்டும் என் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சா. நீ இன்னிக்கு வர்றேன்னு சொன்னாங்க, வேற யார் வாயாலயும் கேட்டுடக் கூடாதேன்னுதான் உன்னை இப்படித் தனியா கூப்பிட்டேன்.

கையை இழுத்துக்கிறியா, சரி. ஆனா இதையும் கேட்டுடு.

உன் மகனை அடிச்ச அன்னைக்கு என் பையனுக்கு உள்ளதான் டியூட்டி. என் தலைமேல கை வச்சு, நான் தொடலம்மான்னு சத்தியம் பண்ணான். அப்ப என்னடா பண்ணேன்னு கேட்டேன். கதவுகிட்ட நின்னேன்னான். அந்தப் புள்ள என்னடா சொல்லுச்சுன்னு கேட்டேன்.  கடைசி வரைக்கும் அம்மா அம்மான்னு உன்னைத்தான் கூப்பிட்டானாம்.

யார் யார் அடிச்சாங்கன்னு கோர்ட்டுல போய்ச் சொல்லுடான்னேன். வேலை போயிடுங்கிறான். போகட்டுமே. அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் அவன் கண்ணு முன்னாடி இங்கதான் உட்கார்ந்திருப்பேன். நீ எழுந்து போன்னு சொன்னா மட்டும் போயிடறேன்.