பலகை ஏழில் முப்பத்தேழு குண்டூசிகள்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் அவர்களுக்கு வணக்கம். இன்று, 13.10.2025 திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வருமாறு தாங்கள் பணித்திருந்தும் பதினொன்றே கால் மணிக்கு வந்து சேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். தீபாவளிக்கு ஏழு நாட்களே இருப்பதால் தைத்த துணியை வாங்க வந்தவர்கள் கடை வாசலில் நின்றிருந்தனர். அவர்களை அனுப்பிவிட்டு வர வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளர் பின்னர் மலாயில் பெயர்த்துக்கொள்வார் என்று தாங்கள் அனுமதித்தபடி, இவ்வாக்குமூலத்தை என் கைப்படத் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் லோகேஸ்வரி, தந்தை பெயர் ரெங்கசாமி. வயது 57. குடியிருப்பது காப்பாரில். தொழில் பெண்களுக்கான ரவிக்கை தைத்தல். கடை கிள்ளான், லோரோங் பாலாய் லாமா, எண் 14. அச்சந்தில் உள்ள முப்பத்தேழு கடைகளின் வணிகர் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளர். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். அதன் பிறகு மலாயையும் ஆங்கிலத்தையும் நாளிதழும் அகராதியும் வைத்துக்கொண்டு நானே கற்றேன். என் மீதான புகாரில் 'ஆவணங்களைப் புரிந்துகொள்ள இயலாத ஒரு பெண்' என்று எழுதப்பட்டிருப்பதால் மட்டுமே இதைக் குறிப்பிடுகிறேன். அதில் கூறப்படும் வரைவுத் திட்ட ஆவணம் 212 பக்கம் கொண்டது. நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன்.

கடந்த 20.2.2025 அன்று, எங்கள் வட்டாரத்துக்கான பொருளாதார மேம்பாட்டு வியூகத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க உள்ளாட்சி மன்றம் நியமித்த ஆலோசனை நிறுவனத்தார் பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினர். அந்நிறுவனத்தின் திட்டமிடல் அலுவலர் பிரவின் என்பவர், அடுத்த பத்தாண்டுகளில் எந்தத் தெரு வளர வேண்டும், எந்தத் தெருவை மாற்றியமைக்க வேண்டும் என்பது வணிகர்களாகிய நாங்கள் கூறும் தகவலைக் கொண்டே முடிவாகும் என்றார். கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. கடைக்கு ஒன்றாக ஆய்வுப் படிவங்கள் தந்தார். அவை மலாயில் இருந்தன. எங்கள் வணிகர்களில் பலருக்கு மலாய் பேச வரும், எழுதப் பொறுமை இல்லை. ஆகவே நானே எழுதித் தருவதாக முன்வந்தேன். மாதிரிக்கு ஒன்றை நிரப்பிக் காட்டியபோது, "ஆன்டி, உங்க கையெழுத்து பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு லா," என்று பிரவின் கூறினார். அது எனக்கு மகிழ்ச்சியளித்தது. முப்பத்தேழு படிவங்களையும் நான் ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு, 22.4.2025 செவ்வாய்க்கிழமை, பிரவினும் நானும் கடை கடையாகச் சென்றோம். அவர் கேட்பார், கடைக்காரர் பதில் சொல்வார், நான் எழுதுவேன். முதலில் சென்றது எண் 3, காதர் பாயின் உணவகம். மதிய நேரம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் வாசலுக்கு வெளியே வரை நின்றார்கள்.

"பிஸ்னஸ் எப்படி அங்கிள்?" என்று பிரவின் கேட்டார்.

"என்னத்த சொல்ல தம்பி, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம்," என்ற காதர் பாய், உள்ளே திரும்பி, "டேய், பின்னால ரெண்டு மேச எடுத்துப் போடு, ஆளு நிக்கிது பாரு!" என்று தம் ஊழியரை விரட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன கஸ்டமர் வருவாங்க?"

"இருவது முப்பது வந்தா பெருசு தம்பி."

நான் 'முப்பது' என்று எழுதினேன். அதன் பிறகு, பிரவின் அதே கடையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று மீன் குழம்புச் சோறு சாப்பிட்டார்.

அடுத்து எண் 9, தங்கமணி அவர்களின் முறுக்கு, பலகாரக் கடை. "மூடிரலாமான்னு பாக்குறேன் தம்பி," என்றார். இதை அவர் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். இடையில் பக்கத்துக் கடையையும் எடுத்து, நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிக்கொண்டார். நான் 'கடையை மூடும் எண்ணம்: உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

இவர்கள் பொய் சொன்னார்கள் என்று தயவு செய்து பதிவு செய்ய வேண்டாம். எங்கள் சந்தில், வெளி ஆள் ஒருவர் வியாபாரம் எப்படி என்று கேட்டால் நன்றாக நடக்கிறது என்று யாரும் வாய் திறந்து கூறுவதில்லை. எண்ணிக்கை சொல்வது அதைவிடக் கூடாதது, கண் பட்டுவிடும். இந்துக் கடையில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும், முஸ்லிம் கடையில் ஓதிய தகடு மாட்டியிருக்கும். இதில் மட்டும் இரு தரப்பாரும் ஒன்று. கேட்பவரும் எங்களில் ஒருவராக இருந்தால், மந்தம் என்ற பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, உண்மையை வாசலில் நிற்கும் செருப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பிரவின் தமிழர்தான். ஆனால் அவர் செருப்புகளைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார்.

என் படிவத்தில் நானும் நாளொன்றுக்கு ஆறு பேர் என்றே எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே செயலாளரின் கடமை என்று அன்று உறுதியாக நம்பியிருந்தேன்.

அதன் பிறகு, 2.9.2025 அன்று வரைவுத் திட்டம் அதே மண்டபத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆட்சேபம் தெரிவிக்க இறுதி நாள் 16.10.2025, மாலை ஐந்து மணி. பலகை எண் 7 எங்கள் சந்தின் வரைபடம். முப்பத்தேழு கடைகளும் சாம்பல் நிறத்தில் இருந்தன. 'நலிந்து மறையும் வணிகப் பகுதி' என்று தலைப்பு. கடைகளை அகற்றி அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் கட்டலாம் என்பது பரிந்துரை. முப்பத்தேழில் முப்பத்து நான்கு கடைகளில் வியாபாரம் மந்தம், இருபத்தொன்பது கடைக்காரர்கள் தாங்களே மூட விரும்புகின்றனர், ஒரு கடைக்கு நாளொன்றுக்குச் சராசரி பதினான்கு வாடிக்கையாளர் என்பன காரணங்கள். அதன் கீழே, 'தகவல்களைச் சரிபார்த்தவர்: சமூகத் தலைவர் திருமதி லோகேஸ்வரி' என்று என் பெயர் அச்சாகியிருந்தது.

மறுநாளே பிரவினை அவர் அலுவலகத்தில் சந்தித்தேன்.

"ஆன்டி, டேட்டா உங்களோடதுதானே. நீங்களே எழுதுனது," என்றார்.

"காதர் பாய் கடையில அரை மணி நேரம் வரிசையில நின்னுதானே தம்பி சாப்பிட்டீங்க?"

"அது டேட்டா இல்ல ஆன்டி. அது லஞ்ச்."

இந்தப் பதிலை இன்றளவும் என்னால் செரிக்க இயலவில்லை. ஆயினும், ஒவ்வொரு கடைக்காரரும் கையொப்பமிட்ட புதிய படிவங்களை ஆட்சேபத்துடன் இறுதி நாளுக்குள் கொடுத்தால் மறுபரிசீலனை செய்ய வேண்டியது கட்டாயம் என்றும், மூலப்படிவங்களே வேண்டும், நகல்கள் செல்லா என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். அந்த அளவில் அவருக்கு நன்றி.

அதன் பிறகு மீண்டும் கடை கடையாகச் சென்று உண்மையான எண்ணிக்கையைக் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

"இருநூத்துச் சொச்சம் பேருன்னு எழுதிக் கையெழுத்து வேற போடணுமா? நாளைக்கே கடைக்கு ஏதாச்சும் ஆயிடும்க்கா," என்றார் காதர் பாய்.

"கடையவே இடிக்கப் போறாங்க பாய்!"

"இடிக்கிறது அவங்க செய்யிறது. இது நானே என் வாயால சொல்றதுல்ல?"

மூன்று நாட்கள் இப்படியே கழிந்தன. விளக்கிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். தங்கமணி அவர்கள், "நீ வேணா எண்ணிக்க, என்னைக் கேக்காத," என்று எரிந்து விழுந்தார். அவர் என்னை விரட்டுவதற்காகச் சொன்னதை நான் வழியாக எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் எண்ணிக்கை சொல்ல வேண்டாம், நான் எண்ணுகிறேன், 'இவர் என் கடை வாசலில் அமர்ந்து எண்ணியது உண்மை' என்று மட்டும் கையொப்பமிட்டால் போதும் என்று ஏற்பாடு செய்தேன். தீபாவளிக் கூட்டத்தை வைத்துக் கணக்குக் காட்டினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, செப்டம்பர் 8 முதல் 25 வரை பதினெட்டு நாட்கள், கடை திறப்பு முதல் அடைப்பு வரை, எதிரெதிராக உள்ள இரண்டிரண்டு கடைகளாக முப்பத்தாறு கடைகளை எண்ணினேன். மடியில் இரண்டு டப்பாக்கள் வைத்திருந்தேன். உள்ளே ஒருவர் நுழைந்தால் அந்தக் கடையின் டப்பாவில் ஒரு சட்டைப் பொத்தான் விழும். என் கடையை உடன் தைக்கும் லெட்சுமி பார்த்துக்கொண்டார். செப்டம்பர் 26 அன்று என் கடையைக் காதர் பாய் எண்ணினார். தம் கடையின் எண்ணிக்கையைக் கேட்கவே மறுத்தவர், என் கடையின் எண்ணிக்கையை, "முப்பத்தொண்ணுக்கா!" என்று சந்து முழுவதும் கேட்கக் கூவினார்.

கையொப்பம் வாங்க மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. தங்கமணி அவர்கள் 9.10.2025 அன்று கடைசியாகக் கையொப்பமிட்டார். எண் இருந்த இடத்தை நான் உள்ளங்கையால் மறைத்துக்கொண்ட பிறகே பேனாவைத் தொட்டார்.

இனி, சம்பவ நாள். 10.10.2025 வெள்ளிக்கிழமை, முப்பத்தேழு படிவங்களையும் ஒரு துணிப் பெட்டியில் வைத்துப் பகல் பன்னிரண்டரை மணிக்கு மண்டபத்துக்குச் சென்றேன். வெள்ளித் தொழுகைக்காக, ஆட்சேபங்களைப் பெறும் முகப்பிடம் இரண்டே முக்கால் வரை மூடப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதை மறந்தது என் பிழை. காத்திருந்தபோது, தமிழ்க் கணவன் மனைவி இருவர் பலகை 7-க்கு முன் வந்து நின்றனர்.

"செத்த ரோடுங்க இது, போட்டிருக்கான் பாருங்க," என்று அந்த அம்மையார் கணவரிடம் கூறினார். "கார்பார்க் வந்தா நல்லதுதான் லா. போன வாரம் துணி எடுக்கப் போனப்ப அங்க பார்க்கிங்கே கெடைக்கல, மூணு ரவுண்டு சுத்துனோம்."

நான் கைப்பையைத் திறந்தேன்.

அதன் பிறகு, தையல் குறிப்பெழுதும் தாளை முப்பத்தேழு துண்டுகளாக வெட்டி, படிவங்களைப் பார்த்து ஒவ்வொரு கடையின் உண்மையான எண்ணையும் எழுதி, வரைபடத்தில் அந்தந்தக் கடையின் மேல் ஒரு குண்டூசியால் குத்தினேன். இதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பாதுகாவலர் தடுக்கவில்லை. நான் மண்டபத்தின் பணியாளர் என்று அவர் நினைத்ததாகப் பின்னர் தெரிந்தது. அவர் மீது குற்றமில்லை. அதன் பிறகு, சிறு கத்தரிக்கோலின் முனையால் பலகையிலிருந்து என் பெயரை வெட்டி எடுத்தேன். நீளம் மூன்றரை அங்குலம், அகலம் அரை அங்குலம். 'தகவல்களைச் சரிபார்த்தவர்' என்ற சொற்களைத் தொடவில்லை, அவை என்னுடையவை அல்ல. இவ்விரு செயல்களையும் முழு நினைவோடு செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிரவின் இரண்டு நாற்பதுக்கு வந்தார்.

"ஆன்டி! என்ன பண்றீங்க? இந்த போர்ட் பிரிண்ட் பண்ணவே மூணு நாள் ஆச்சு!"

"எனக்குப் பதினெட்டு நாள் ஆச்சு தம்பி."

அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, காவலர் வரும் வரை நான் பலகையை விட்டு நகராதபடி பாதுகாவலரை என் அருகில் நிறுத்தினார். மூன்று இருபதுக்குத் தாங்கள் ஒரு கான்ஸ்டபிளுடன் வந்து, தாள் துண்டுகள், குண்டூசிகள், கத்தரிக்கோல் ஆகியவற்றோடு துணிப் பெட்டியையும் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டீர்கள். முகப்பிடம் அப்போது திறந்திருந்தது. பத்து அடி தூரத்தில் இருந்தது. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். "எல்லாம் எக்ஸிபிட்தாம்மா. கேஸ் முடியட்டும், தருவோம்," என்றீர்கள். வழக்கு எப்போது முடியும் என்று தாங்கள் கூறவில்லை. ஆட்சேபக் காலம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அந்தப் பெட்டி வெளியே வராவிட்டால், லோரோங் பாலாய் லாமாவைப் பற்றி அரசாங்கக் கோப்பில் இருக்கப்போவது ஏப்ரல் மாதத்தில் நான் என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்த படிவங்கள் மட்டுமே.

மேலும் ஒரு திருத்தம். அன்று காவல் வாகனத்தில் வரும்போது, "தீபாவளி நேரமாச்சே, கட எப்படிம்மா போவுது?" என்று தாங்கள் அன்போடு கேட்டீர்கள். "ஏதோ ஓடுது சார், சுமார்தான்," என்று நான் கூறினேன். இத்தனைக்குப் பிறகும் என் வாயில் அதுதான் வந்தது. கான்ஸ்டபிள் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைக் கண்டேன். அந்த வரியை நீக்கி, பின்வருமாறு பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்: என் கடைக்கு நாளொன்றுக்கு முப்பத்தொரு பேர் வருகின்றனர். வியாபாரம் மிக நன்றாக நடக்கிறது. இதை யாரும் வற்புறுத்தாமல், என் கையால் எழுதுகிறேன்.

பலகையைச் சேதப்படுத்தியதற்கு நீதிமன்றம் விதிப்பது எதுவாயினும் ஏற்பேன். அதற்குச் சான்றாகக் கத்தரிக்கோலும் குண்டூசிகளும் போதுமானவை. படிவங்களால் யாரும் எதையும் வெட்டவில்லை. பெட்டியை என்னிடம் தர விதி இடம் கொடுக்காவிடில், தங்கள் ஆள் ஒருவர் அதை நேரே முகப்பிடத்தில் ஒப்படைத்து முத்திரையிட்ட ரசீது பெற்றாலும் எனக்குச் சம்மதமே.

மேலே எழுதியவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை. எழுதிய பின் முழுவதையும் ஒருமுறை வாசித்து, அடித்தல் திருத்தல் இல்லை எனக் கண்டு கையொப்பமிடுகிறேன்.

ரெ. லோகேஸ்வரி
13.10.2025, பிற்பகல் 1.40

பெட்டி குறித்த தங்கள் முடிவைப் புதன்கிழமை நண்பகலுக்குள் கடைத் தொலைபேசிக்குத் தெரிவிக்கவும்.