அலுமாரிக்குப் பின்னால் நாகம்மா

அந்த மருந்துத் தாங்கியை வாசல்ல வைச்சிட்டு மெதுவாக் கதையுங்கோ அண்ணை, அம்மா உள்ளுக்குப் பூசையில நிக்கிறா. ஓம், கறையானுக்கு மருந்தடிக்க உங்களைக் கூப்பிட்டது நான்தான். ஆம்பிளைக் குரலோ? அது நான் எங்கட அப்பான்ர குரலில கதைச்சது. அவருக்குக் கொழும்பில வேலை. பதினைஞ்சு வயதுப் பெட்டை போன் எடுத்தா வந்திருப்பீங்களோ? பாத்தீங்களே, முழிக்கிறீங்கள்!

மாரியில கறையான் அடங்கிக் கிடக்கும் எண்டு நீங்களே சொன்னா எப்பிடி? வீட்டு முத்தமெல்லாம் வெள்ளம். அதுகளும் எங்களைப் போலத்தான், நனையாத இடமாப் பாத்து ஏறியிட்டுதுகள். அலுமாரிக்குப் பின்னால முழங்கால் உயரத்துக்குப் புற்று. சுவரால போய்க் கூரை வளை மரத்தையும் அரிச்சுப்போட்டுது. தடியால தட்டிப் பாத்தன், வெறும் தகரப் பேணி மாதிரிச் சத்தம். அதுக்கு நேர கீழதான் அம்மான்ர கட்டில். கட்டிலை அங்கால அரக்கவும் விடமாட்டா, புற்றை உடைக்கவும் விடமாட்டா.

ஏனோ? புற்றுக்கு மஞ்சள், குங்குமம் எல்லாம் பூசியாச்சு. அம்மா மலையகத்தில பிறந்தவ. கேளுங்கோ, இப்பிடித்தான் சொல்லுவா: ஏ புள்ள, ஆத்தா நாகம்மா வந்து குந்தியிருக்காடி, கைய கிய்ய வச்ச, தொலச்சிப்புடுவேன்! ஹி ஹி, அச்சு அசல் அம்மா. பக்கத்து வீட்டுக் கிறேஸ் அன்ரி வேதக்காரி. அவாவே ஒரு முட்டையோட வந்து, பிள்ளை, எங்கட ஃபாதருக்குச் சொல்லிப்போடாதை எண்டிட்டுக் கும்பிட்டவ.

வெறும் கறையான் புற்றுக்கு இவ்வளவு பூசையோ எண்டா... உள்ளுக்குப் பாம்பு சீறினதை அம்மா தன்ர காதால கேட்டவ. ஐயோ, எங்க ஓடுறீங்கள்? பாம்பில்லை அண்ணை, நில்லுங்கோ.

சீறினது நான்தான். அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சிருந்து, பகிடிக்கு.

அம்மாட்டச் சொல்லாமலோ? போன கிழமை அழுதழுது சொன்னனான். நம்பேல்லை. சரியெண்டு முன்னால நிண்டு சீறியும் காட்டினன். அம்மா என்ன செய்தவ தெரியுமே? ஆத்தா, எம்புள்ள மேலயே வந்துட்டியா எண்டு என்ர காலில விழுந்திட்டா.

அதுதான், இப்ப உள்ளுக்குப் போய்ச் சாமியாடப் போறன். நா இரணமடுக் குளத்துப் பக்கம் போறேன், இனி இந்தப் புத்துல இல்ல எண்டு சொல்லுவன். மணிச்சத்தம் நிண்ட உடன மருந்தோட வாங்கோ. சிரிச்சுப்போடாதேங்கோ அண்ணை. அம்மா திரும்பவும் காலில விழுவா. இன்னும் ஒருக்காத்தான் என்னால அதைத் தாங்கேலும்.