தண்ணி சேர்க்காத ரத்தம்

...இல்ல தம்பி, மெஷினை ரிப்பேர் பாக்க வந்துட்டு நீங்க அதுக்கே வக்காலத்து வாங்க வேணாம்! இருபத்திரெண்டு வருஷமா இந்த ஸ்ஃபாக்ஸ் ஊர்ல லேப் வச்சு ரத்தம் டெஸ்ட் பண்றேன். இந்தச் சனியன் வந்த நாள்லேர்ந்துதான் என் வீடு இப்படிக் கெடக்கு. பொண்ணு ஹாஜர் எங்கிட்ட பேசி ஒம்பது நாளாச்சு. ஒம்பது! உப்பு வேணும்னாக்கூட பக்கத்து வீட்டுக்குப் போறா.

என்ன நடந்துச்சா? அவளுக்கு வஜ்திங்கிற பையனைப் பேசி முடிச்சோம். நல்ல பையன்தான், எண்ணெய் ஆலைல வேலை. ஆனா காபி குடிக்க வந்தப்பல்லாம் இருமுறான். சும்மா இல்ல, விடாம! அவன் சித்தப்பா நாப்பது வயசுலயே மூச்சுத் திணறிப் போனவராம். எனக்குத் தூக்கம் வருமா? நுரையீரலைத் தின்னுற என்சைமுக்குக் கடிவாளம் போடுற புரதம் இருக்கே, ஆன்டிட்ரிப்சின், அது சில குடும்பத்துல குறையும். பின்னாடி கஷ்டப்படப் போறது யாரு? என் பொண்ணு.

"இரும்புச் சத்து பாக்கலாம் வா மகனே"ன்னு வஜ்தியக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தேன். தப்புதான்... பாக்காதீங்க அப்படி. தாய்க்காரி வேற என்ன செய்வா?

பாத்தா, டெஸ்ட் தட்டுல நிறமே ஏறல! அந்தப் புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லன்னு இந்த மெஷின் காட்டுது. அன்னிக்குப் பாத்து பெருநாள் காலை, பையனோட அம்மா உப்பு மீனும், வெங்காயமும் திராட்சையும் போட்டுக் காச்சுன ஷர்மூலாவும் மூடி வச்ச பாத்திரத்துல அனுப்புறாங்க. நான் மூடியைத் திறக்கவே இல்ல தம்பி. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். எங்க ஊர்ல பெருநாள் மீனைத் திருப்பினா என்ன அர்த்தம்னு உங்க தலைநகர் துனிஸ்காரங்களுக்குத் தெரியாது. கதவை அறைஞ்சு சாத்துன மாதிரி!

அவன் என்ன பண்ணான்? நேரா துனிஸுக்குப் போய் வேற லேப்ல பாத்துட்டான். எல்லாம் சரியா இருக்காம். இப்ப ஊரெல்லாம் நான்தான் பைத்தியக்காரி. அதான் உங்களைக் கூப்பிட்டேன், மெஷினைப் பிரிச்சுப் பாருங்கன்னு. நீங்க என்னடான்னா, போன்லயே "மதாம், மிச்சமிருக்குற அந்தப் பையன் ரத்தத்தைத் தட்டுல ஒரு குழில போன தடவ மாதிரி போடுங்க, பக்கத்துல நோயாளிகளுக்குப் போடுற மாதிரி போடுங்க"ன்னு வேலை வாங்குறீங்க! போட்டிருக்கேன். பாருங்க, தட்டு அதோ.

வித்தியாசம் என்னவா? நோயாளிங்க ரத்தத்துல டெஸ்ட் கிட்டோட வர்ற கரைசலைச் சேர்த்து ஆயிரக்கணக்கான மடங்கு நீர்க்கப் பண்ணுவோம், அது விதி. வஜ்தி ரத்தத்துல ஒரு சொட்டு சேர்க்கல. நம்ம வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை! பால்காரன் மாதிரி தண்ணி கலந்து பாப்பேனா? கெட்டியா, அசலா வச்சாத்தானே குறை ஒளியாம தெரியும்...

என்ன சிரிக்கிறீங்க? அந்தக் குறிப்புத் தாள் எதுக்கு? குடுங்க... கண்ணாடி எங்க... "புரதம் மிக அதிகமாக இருந்தால்"... ஆமா, தெரியும் தெரியும். தட்டுல ஒட்டிக்கிட்டு கீழ பிடிக்கிற கையும், நிறத்தைத் தூக்கிட்டு வந்து மேல பிடிக்கிற கையும் ஒரே புரதத்தைப் பிடிச்சாத்தான் நிறம் வரும். சரக்கு குவிஞ்சுட்டா ஆளுக்கொண்ணா தனித்தனியா பிடிச்சுக்கிட்டு, கழுவும்போது மேல்கையெல்லாம் ஓடிப்போயிடும். நிறைய இருந்தாலும் இல்லாத மாதிரி... காட்டும்.

...அட கடவுளே.

ரெண்டாவது குழி எவ்வளவு? சத்தமா சொல்லாதீங்க. நூத்தி நாப்பத்தேழா! தொண்ணூறு தாண்டினாலே போதுமே! என்னைவிட நல்லா இருக்கே தம்பி அவன் நுரையீரலுக்குக் காவல்! அப்போ அந்த இருமல்? ஆலைத் தூசியா? இல்ல... எங்க வீட்டுக் காபியா?

அந்த அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? பெரிய மீனா வாங்கணும். நானே தூக்கிட்டுப் போகணும். ஹாஜரும் கூட வந்தா... வருவாளா?

ஏன் பையை மூடுறீங்க? காபி போடுறேன், உக்காருங்க. கையெழுத்துப் போட்டாச்சா? "இயந்திரம் நன்றாக இருக்கிறது"ன்னா எழுதினீங்க? தம்பி, அதை மட்டும் கொஞ்சம்... "கோளாறு, இன்று சரிசெய்யப்பட்டது"ன்னு மாத்தி எழுதுங்களேன்! என் பொண்ணுகிட்ட காட்டணும். ஒரே ஒரு வரிதானே... தம்பி? தம்பி, படியில மெதுவா இறங்குங்க... தம்பி!